உலோகக் கலவைகள் கண்ணாடியாதலைத் தீர்மானிக்கும் காரணிகள்

கண்ணாடி என்றதும் ஒளியை ஊடுசெல்லவிடும் பொருளொன்றே எவருக்கும் நினைவில் எழும். விஞ்ஞானி அச்சொல்லை ஆளும்போது ஒளியைக் கருதுவதில்லை. அணுக்கள் அமைந்துள்ள முறையையே கருதுகின்றார். உருகிய பொருளொன்று, தன் அணுக்கள் ஒழுங்காக அணிவகுக்குமுன்னரே, திரவத்தில் இருந்த நிலையிலேயே உறைந்து திண்மமாகுமாயின் அது கண்ணாடி எனப்படும். அணுக்கள் அணிவகுத்து அடுக்குற்றால் அது பளிங்கு. பொதுவழக்கிற் பளிங்கு, கண்ணாடி என்னும் இரு சொற்களும் ஏறக்குறைய ஒரே பொருளைத் தருவன. இங்கோ அவை ஒன்றற்கொன்று முற்றிலும் எதிரானவை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாவிடின் பின்வருவன யாவும் மயக்கந் தரும்.

மணலிலுள்ள சிலிக்காவை உருக்கி ஆறவிட்டால், அதனை எவ்வளவு மெதுவாகக் குளிர்வித்தாலும் பெரும்பாலும் கண்ணாடியே கிடைக்கும். சிலிக்கன் அணுக்களும் ஒட்சிசன் அணுக்களும் வலையைப்போல் ஒன்றோடொன்று பிணைந்திருத்தலால், உருகிய நிலையிற்கூட அவை இலகுவில் இடம்பெயர மாட்டா. உலோகங்களின் நிலை வேறு. உருகிய செம்போ இரும்போ நீரைப்போன்று எளிதாக ஓடும். அதன் அணுக்கள் ஏறக்குறைய உருண்டையான பந்துகளை ஒத்தவை. எந்தத் திசையிலும் நெருங்கி அமரவல்லவை. ஆதலின் உறைநிலைக்குச் சற்றுக் கீழே சென்றதும் அவை விரைந்து பளிங்காகிவிடும். உலோகம் கண்ணாடியாகாது என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்தாகும்.

அக்கருத்தை மாற்றியது 1960ஆம் ஆண்டில் வெளிவந்த மிகச் சிறிய ஆய்வறிக்கையொன்று. கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவகத்தில் போல் டியூவெஸ், கிளெமென்ற், வில்லென்ஸ் ஆகிய மூவரும், நூறு அணுக்களில் 75 பொன்னும் 25 சிலிக்கனும் கொண்ட கலப்புலோகத்தின் உருகிய துளியொன்றை வாயுவின் அதிர்ச்சி அலையால் விசிறி, குளிர்ந்த செம்புப் பரப்பின்மீது மோதச் செய்தனர். துளி மெல்லிய செதிளாகப் படிந்து உறைந்தது. எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்தபோது, பளிங்குகளுக்குரிய கூரிய கோடுகள் தோன்றவில்லை; திரவங்களுக்குரிய மங்கலான அகன்ற வளையமே தோன்றிற்று. குளிர்ந்த வேகமோ செக்கனுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பாகை. அச்செதிள் நெடுநாள் நிலைக்கவுமில்லை. அறை வெப்பநிலையிலேயே உருமாறத் தொடங்கியது. ஆயினும் உலோகக் கண்ணாடி என்றொன்று உண்டு என்பது அன்று உறுதியாயிற்று.

பொன் மட்டும் அவ்வாறு ஆகாதிருக்க, பொன்னும் சிலிக்கனும் கலந்தது மட்டும் ஏன் கண்ணாடியாயிற்று? ஒரு கலவை எளிதிற் கண்ணாடியாகவும் மற்றொன்று மறுக்கவும் காரணம் யாது? இதனையே நாம் இங்கு ஆராய்வோம். இது வெறும் அறிவு வேட்கைக்குரிய வினாவன்று. ஒரு கலப்புலோகத்தை எத்துணைத் தடிப்பிற் கண்ணாடியாக வார்க்கலாம் என்பதே, அது பொறியியலுக்குப் பயன்படுமா, ஆய்வுகூடத்துக் காட்சிப்பொருளாய் நின்றுவிடுமா என்பதைத் தீர்மானிக்கின்றது.

கண்ணாடியாதல் என்பது அடிப்படையில் ஓர் ஓட்டப்போட்டி. ஒருபுறம் வெப்பம் வெளியேறுகின்றது; மறுபுறம் பளிங்கு பிறந்து வளரமுயல்கின்றது. பளிங்கின் பிறப்பு இரு விடயங்களைச் சார்ந்தது. உருகுநிலைக்குக் கீழே செல்லச் செல்ல, திரவம் பளிங்காக மாறவேண்டும் என்னும் உந்தல் அதிகரிக்கும். அதேவேளை திரவம் மேன்மேலும் தடித்து, அணுக்களின் நடமாட்டம் குன்றும். உருகுநிலைக்கு அண்மையில் நடமாட்டம் உண்டு, உந்தல் இல்லை. மிகவும் தாழ்ந்த வெப்பநிலையில் உந்தல் உண்டு, நடமாட்டம் இல்லை. இரண்டும் போதிய அளவில் இருக்கும் இடைப்பட்ட வெப்பநிலையிலேதான் பளிங்கு மிக விரைவாகத் தோன்றும். இந்த ஆபத்தான இடைவெளியைப் பளிங்கு பிறக்குமுன் கடந்துவிட்டால், திரவத்தின் பிசுக்குமை ஏறத்தாழ 10 இலட்சம் கோடி மடங்கிலும் மேலாக உயர்ந்து, அணுக்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அவ்வெப்பநிலையைக் கண்ணாடிநிலை வெப்பநிலை என்பர். இடைவெளியைக் கடக்கத் தேவையான மிகக் குறைந்த குளிர்தல் வேகம் அவதிக் குளிர்தல் வீதம் எனப்படும். ஒரு கலவை கண்ணாடியாகுமா என்று வினவுவதிலும், எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தாற் கண்ணாடியாகும் என்று வினவுவதே பொருத்தமாகும். தனி உலோகங்களான தந்தாலமும் வனேடியமுங்கூட 2014ஆம் ஆண்டில் கண்ணாடியாக்கப்பட்டன. ஆனால் அதற்குச் செக்கனுக்கு 100 இலட்சம் கோடி பாகை என்னும் வேகம் தேவைப்பட்டது. கிடைத்ததோ நனோமீற்றர் அளவான துணுக்குகளே.

இவ்வேகத்துக்கும் தடிப்புக்குமுள்ள தொடர்பை இங்கேயே கூறிவிடுதல் நன்று. வெப்பம் பொருளின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்துசேர எடுக்கும் நேரம், தடிப்பின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும். தடிப்பு இரு மடங்கானாற் குளிர்தல் வேகம் நாலில் ஒன்றாகும். 25 மைக்கிரோமீற்றர்த் தடிப்புள்ள நாடாவோடு ஒப்பிடும்போது 1 சென்ரிமீற்றர்த் தகடு 400 மடங்கு தடித்தது. ஆகவே உள்ளிருந்து வெப்பம் கடத்தப்படுதலே தடையாயிருக்குமிடத்து, அதன் நடுப்பகுதி 160,000 மடங்கு மெதுவாகக் குளிரும். எனவே தடிப்பை உயர்த்த விரும்புவோர் குளிர்விக்கும் பொறியைத் திருத்துவதால் அதிகம் சாதிக்க இயலாது. கலவையையே திருத்தல் வேண்டும். சில பயன்களுக்கு மெல்லிய நாடாவே போதும் என்பதும் உண்மை. இரும்பு, போரன், சிலிக்கன் ஆகியவற்றாலான கண்ணாடி நாடா மின் நிலைமாற்றிகளின் அகணியாகப் பயன்படுகின்றது. அங்கு மெல்லியதாயிருத்தல் சுழிப்போட்டங்களைக் குறைத்தலால் அது குறையன்று, குணமே. பொறியுறுப்புகளுக்கு அது போதாது.

கலவையைத் திருத்துவது எவ்வாறு? பொன் 1064 பாகை சதமவளவையில் உருகுவது. சிலிக்கன் 1414 பாகையில் உருகுவது. இரண்டையும் தக்க விகிதத்திற் கலந்தால் அக்கலவை 363 பாகையிலேயே உருகிவிடும். பனிக்கட்டியோடு உப்பைச் சேர்த்தால் அது பூச்சியத்திற்கு மிகக் கீழும் நீராயிருப்பதை நாம் அறிவோம், அதுவும் இவ்வகையினதே. இவ்வாறு இழிவு உருகுநிலை கொண்ட கலவையை நல்லுருகு கலவை என்பர். அதன் சிறப்பு யாதெனில், திரவம் வெகுதூரம் கீழிறங்கும்வரை திரவமாகவே நிலைத்திருக்கும். ஆனால் கண்ணாடிநிலை வெப்பநிலை அந்த அளவுக்குத் தாழ்வதில்லை. எனவே கடக்கவேண்டிய ஆபத்தான இடைவெளி ஒடுங்கிவிடுகின்றது.

இக்கருத்தை அளவுகோலாக வடித்தவர் அமெரிக்க அறிஞர் டேவிட் டேர்ன்புல் ஆவார். கண்ணாடிநிலை வெப்பநிலையை உருகுநிலையால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் (இரண்டையும் கெல்வின் அளவிற் கொள்க) மூன்றில் இரண்டை எட்டுமாயின், பளிங்கின் கருக்கள் மிக மந்தமாகவே தோன்றும் என அவர் கணித்துக் காட்டினார். இத்துறையின் பிற்கால அளவுகோல்கள் பலவும் இவ்விகிதத்திற்குச் செய்த திருத்தங்களே என்பது எமது துணிபு.

டேர்ன்புல்லின் பங்களிப்பு அதனோடு முடியவில்லை. திரவம் பளிங்காகும்போது பெரும்பாலும் தானாகக் கருவுறுவதில்லை. பாத்திரத்தின் சுவர், தூசி, ஒட்சைட்டுத் துணுக்கு ஆகிய அந்நியப் பொருள்களே பளிங்குக்கு முதலிடங் கொடுக்கின்றன. 1950ஆம் ஆண்டில் அவரும் செக் என்பவரும் உலோகத்தை நுண்டுளிகளாகச் சிதறடித்து ஆராய்ந்தனர். துளிகள் பலவாயின், அழுக்கு ஏறாத துளிகள் சிலவாவது இருக்கும் என்பது அவர்தம் உபாயம். 1455 பாகையில் உறையவேண்டிய நிக்கல் அதற்கு 319 பாகை கீழும் திரவமாகவே நின்றது! அணுக்கள் எளிதில் அணிவகுப்பன என்று கருதப்பட்ட தூய உலோகம் இவ்வளவு தயங்கியமை பலரையும் வியப்பில் ஆழ்த்திற்று. இதே உபாயம் பின்னர் பெரிய அளவிலும் பயன்பட்டது. பலேடியம், நிக்கல், பொசுபரசு சேர்ந்த கலவையை உருகிய போரன் ஒட்சைட்டினுள் மூழ்கவைத்து, அழுக்குகளை அவ்வொட்சைட்டு உறிஞ்சிக்கொள்ளும்படி செய்து, 1984ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் அளவான கண்ணாடிக் கட்டியை டேர்ன்புல்லின் குழுவினர் பெற்றனர். குளிர்தல் வேகம் செக்கனுக்கு ஓரிரு பாகை என்னும் அளவினதே. இலட்சங்களிலிருந்து ஒன்றுக்கு இறங்கியமை சிறிய பாய்ச்சலன்று.

இனி, அணுக்களின் பருமனுக்கு வருவோம். சமமான பந்துகளை ஒழுங்காக அடுக்கினால் வெளியின் 74 சதவீதம் நிரம்பும். ஒரு பெட்டியிற் கொட்டிக் குலுக்கினால் ஏறத்தாழ 64 சதவீதமே நிரம்பும். இப்பத்துச் சதவீத இடைவெளியே சம பருமனுள்ள அணுக்களைப் பளிங்கை நோக்கி ஈர்க்கின்றது. ஆனால் சிறிய பந்துகளையும் பெரிய பந்துகளையும் கலந்து கொட்டினால், சிறியவை பெரியவற்றின் இடுக்குகளில் அமர்ந்து, ஒழுங்கின்றியே செறிவு கூடும். 1952ஆம் ஆண்டில் பிராங்கு என்னும் பௌதிகவியலாளர் மற்றொரு நுட்பத்தை எடுத்துக்காட்டினார். ஓர் அணுவைச் சூழப் பன்னிரண்டு அணுக்களை, ஐம்மடிச் சமச்சீரமையும்படி, இருபது முக்கோண முகங்களையுடைய உருவாக அமைத்தால், அச்சிறு கூட்டத்தின் சக்தி பளிங்கிற் காணப்படும் கூட்டத்தின் சக்தியிலும் குறைவாகும். ஐங்கோணக் கற்களைக் கொண்டு ஒரு தரையை இடைவெளியின்றிப் பாவ இயலாது என்பதை யாவரும் அறிவர். அதேபோல் இக்கூட்டங்களைக் கொண்டு பளிங்கு கட்ட இயலாது. அருகிலுள்ள அணுக்களுக்கு உகந்த ஒழுங்கு தொலைவிலுள்ள ஒழுங்குக்குப் பகையாகின்றது. பளிங்காக வேண்டுமாயின் முதலில் இக்கூட்டங்கள் கலையவேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரமே கண்ணாடிக்கு வேண்டியது. நடுவில் நிற்கும் அணு சூழநிற்பனவற்றிலும் சற்றுச் சிறியதாயின் இவ்வமைப்பு மேலும் உறுதியாகும். பருமன் வேறுபாடு துணைசெய்யும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அடுத்தது அணுக்களின் உறவு. வேறு இன அணுக்கள் ஒன்றையொன்று விரும்பினால், அவை கலக்கும்போது வெப்பம் வெளிப்படும். சேர்க்கோனியமும் நிக்கலும் சமமாகக் கலப்பதற்கு மதிப்பிடப்பட்ட வெப்பம் மூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 49 கிலோயூல். சேர்க்கோனியமும் செம்பும் கலப்பதற்கு 23. இத்தகைய நாட்டம் திரவத்தைச் செறிவாக்கி, அணுக்களின் நடமாட்டத்தைத் தடுக்கின்றது. நாட்டம் மிகுந்தால் நன்மை மிகும் என்று இதிலிருந்து முடிவுகட்டுதல் தவறு. அதே நாட்டமே இரு உலோகங்களையும் திட்டமான விகிதத்திற் சேர்த்துச் சேர்வைப் பளிங்காக்கவும் வல்லது. திரவத்திற்கு வேண்டிய அளவு நாட்டம், பளிங்குக்குப் போதாத அளவு நாட்டம் என்னும் நெருக்கமான எல்லைக்குள்ளேயே நல்ல கலவைகள் அமைந்துள்ளன.

யப்பானின் சென்டாய் நகரிலுள்ள தொகோக்குப் பல்கலைக்கழகத்தில் அகிஹிசா இனோவேயும் அவரது குழுவினரும் 1980களின் இறுதியிலிருந்து இலந்தனம், சேர்க்கோனியம் முதலியவற்றை முதன்மையாகக் கொண்ட பல கலவைகளை ஆராய்ந்து, சாதாரண செம்பு அச்சில் வார்த்தே மில்லிமீற்றர்த் தடிப்புள்ள கண்ணாடிகளைப் பெற்றனர். அவ்வனுபவத்திலிருந்து இனோவே வகுத்த விதிகள் இன்று பாடநூல்களில் இடம்பெறுவன: மூலகங்கள் மூன்றேனும் இருத்தல் வேண்டும்; முதன்மையான மூலகங்களின் அணுப்பருமன்கள் 12 சதவீதத்திற்கு மேல் வேறுபடல் வேண்டும்; அவை கலக்கும்போது வெப்பம் வெளிப்படல் வேண்டும். 1993ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் பீக்கரும் ஜோன்சனும் ஆக்கிய கலவையை இவ்விதிகளோடு பொருத்திப் பார்க்கலாம். சேர்க்கோனியம் 41.2, தைத்தேனியம் 13.8, செம்பு 12.5, நிக்கல் 10, பெரிலியம் 22.5 என்பது அதன் அணுவீதம். சேர்க்கோனிய அணுவின் ஆரை ஏறத்தாழ 0.160 நனோமீற்றர், செம்பினது 0.128, பெரிலியத்தினது 0.112. செக்கனுக்கு 1 பாகை அளவில் அது கண்ணாடியாகும். உருகுநிலைக்கு அண்மையில் அதன் திரவம் தூய உலோகத் திரவங்களிலும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பிசுக்குமை உடையது. தொடக்கத்தில் நாம் கூறிய நீர்போன்ற ஓட்டம் இங்கு இல்லை; பாகுபோன்ற மந்தமே உண்டு. இம்மந்தமே கண்ணாடியின் உயிர்நிலை என்பது எமது எண்ணம். பருமன் வேறுபாடும் நாட்டமும் அதனை உண்டாக்கும் வழிகளே.

மூலகங்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கேம்பிரிட்ஜின் கிரீர் 1993ஆம் ஆண்டிற் கூறிய குழப்பக் கோட்பாடு புகழ்பெற்றது. மூலகங்கள் மிகுந்தால் எந்தப் பளிங்காக அமைவது என்று தெரியாமல் அணுக்கள் குழம்பிவிடும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு இனிய இக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. 2004ஆம் ஆண்டில் கன்ரோரும் பிறரும் இரும்பு, குரோமியம், மங்கனீசு, நிக்கல், கோபாற்று ஆகிய ஐந்தையும் சம அளவிற் கலந்தபோது எவ்விதக் குழப்பமும் நேரவில்லை. எளிய கனசதுரப் பளிங்கொன்றே தோன்றிற்று. இவ்வைந்தின் அணுக்களும் ஏறக்குறைய ஒரே பருமனின. எவர் எவருடைய இடத்தில் அமர்ந்தாலும் பளிங்குக்குக் கேடில்லை. மறுபுறம், அதே 2004ஆம் ஆண்டில், செம்பும் சேர்க்கோனியமும் மட்டுமே சேர்ந்த கலவை 2 மில்லிமீற்றர்க் கோலாகக் கண்ணாடியாயிற்று. எனவே எண்ணிக்கையன்று, வேறுபாடே முக்கியம்.

இன்னும் வியப்பான விதிவிலக்கு இனோவேயின் ஆய்வுகூடத்திலிருந்தே வந்தது. பலேடியம் 40, செம்பு 30, நிக்கல் 10, பொசுபரசு 20 கொண்ட கலவையை 1997ஆம் ஆண்டில் அவரது குழுவினர் 72 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடி உருளையாக வார்த்தனர். பத்துச் செக்கனுக்கு ஒரு பாகை என்னும் வேகத்திற் குளிர்ந்தாலும் அது பளிங்காகாது. கண்ணாடியாகும் ஆற்றலில் இதனை விஞ்சிய கலப்புலோகங்கள் அரியன. ஆனால் இதிலுள்ள பலேடியத்துக்கும் செம்புக்கும் பருமன் வேறுபாடு 12 சதவீதத்தை எட்டவில்லை. செம்புக்கும் நிக்கலுக்கும் வேறுபாடு மிகச் சொற்பம். அவ்விரண்டும் கலக்கும்போது வெப்பம் வெளிப்படுவதுமில்லை, சிறிதளவு உறிஞ்சப்படுகின்றது. விதிகளை வகுத்தவரின் கையிலேயே விதிகளுக்கு அடங்காத மிகச் சிறந்த கண்ணாடி கிடைத்தமையை நாம் குறையாகக் கொள்ளவில்லை. அவ்விதிகள் தேடவேண்டிய திசையைச் சுட்டுவன. இயற்கையின் சட்டங்கள் அல்ல. மாணவர்க்குக் கற்பிப்போர் இதனை வலியுறுத்துவது நன்று.

சிறு அளவிற் கலந்திருக்கும் பொருள்களின் செல்வாக்கையும் புறக்கணிக்க இயலாது. சேர்க்கோனியக் கலவைகளுக்கு ஒட்சிசன் கொடிய பகை. பத்து இலட்சம் அணுக்களில் ஒட்சிசன் சில ஆயிரமாக ஏறினாலே அவதிக் குளிர்தல் வீதம் பன்மடங்கு உயர்ந்துவிடும். ஒட்சிசன் செறிந்த நுண்பளிங்குகள் முதலில் தோன்றி, ஏனையவற்றுக்குக் கருவாகின்றன. எமது புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றோடும் உரூற்றைலோடும் காணப்படும் சேர்க்கனே சேர்க்கோனியத்தின் மூலக் கனிமம். அதிலே சேர்க்கோனியம் ஒட்சிசனோடு இறுகப் பிணைந்துள்ளது. அப்பிணைப்பை அறுத்துத் தூய உலோகம் பெறுதற்காகும் செலவு, கண்ணாடியின் விலையிலும் பிரதிபலிக்கின்றது. இதற்கு மாற்றாக யித்திரியத்தைச் சிறிதளவு சேர்ப்பர். அது ஒட்சிசனைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதோடு, போட்டியிடும் பளிங்கையும் தளர்விக்கின்றது. 2004ஆம் ஆண்டில் செம்பு, சேர்க்கோனியம், அலுமினியம் ஆகியவற்றோடு 5 சதவீத யித்திரியம் சேர்த்தபோது 10 மில்லிமீற்றர்க் கோலும், இரும்பு முதன்மையான கலவையொன்றில் அதனினும் குறைந்த அளவு சேர்த்தபோது 12 மில்லிமீற்றர்க் கோலும் கிடைத்தன.

அப்படியாயின் ஒரு கலவையின் கண்ணாடியாகும் ஆற்றலை முன்கூட்டியே கணித்துவிடலாமா? செம்பு-சேர்க்கோனியத்தை எடுத்துக்கொள்வோம். விகிதத்தைச் சிறுகச் சிறுக மாற்றிச் சென்றால், ஆற்றல் சீராக ஏறி இறங்குவதில்லை. சில குறித்த விகிதங்களில் மட்டும் கூரிய உச்சங்கள் தோன்றும். அணுவீதம் ஓரிரண்டு மாறினாலே உச்சம் தவறிவிடும். அவ்வுச்சங்கள் அமையும் விகிதங்களிலே கண்ணாடியின் அடர்த்தியும் உச்சமடைவதை 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பந்துகளின் செறிவைப் பற்றி நாம் மேலே கூறியதற்கு இது நல்ல சான்று. ஆனால் விளைவைக் கண்டபின் விளக்குவது வேறு, காணுமுன் கூறுவது வேறு. திரவத்தின் அமைப்பு மட்டும் தெரிந்தாற் போதாது. அதனோடு போட்டியிடக்கூடிய ஒவ்வொரு பளிங்கின் சக்தியும், அப்பளிங்குக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட பரப்பின் சக்தியும் தெரிதல் வேண்டும். ஐந்து மூலகக் கலவையொன்றில் அத்தகைய பளிங்குகள் எத்தனையோ.

அண்மைக்காலத்திற் கணினியின் துணை நாடப்படுகின்றது. 2018ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், முன்னைய பரிசோதனை முடிவுகளைக் கணினிக்குப் பயிற்றி, கோபாற்று, வனேடியம், சேர்க்கோனியம் ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுதியிற் கண்ணாடியாகும் விகிதங்களை முன்னறிந்து, பின்னர் பரிசோதித்து, பிழைகளைத் திருத்தி மீண்டும் பயிற்றினர். தேடும் காலம் பெரிதும் குறைந்தது. எனினும் அவர்கள் சோதித்தவை ஆவியிலிருந்து அணுவணுவாகப் படியவைத்த மெல்லிய படலங்கள். அம்முறையில் அணுக்கள் மிக விரைவில் உறைதலால், உருக்கி வார்க்கும்போது பளிங்காகிவிடும் கலவைகளும் கண்ணாடியாகத் தோற்றும். படலமாகக் கண்ணாடியாகும் ஒரு கலவை அச்சில் வார்க்கும்போது எத்தனை மில்லிமீற்றர்வரை தாங்கும் என்பதை அறிய, இன்றும் அதனை உருக்கி வார்த்து, குறுக்கே வெட்டி, எக்ஸ் கதிரின் முன் வைத்துப் பார்க்கவேண்டியே உள்ளது.